பிரசவத்துக்கு இடுப்புத் தளத்தைத் தயார்செய்தல்: காவிரிப் படுகைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்துகொள்வது, குனிந்து வீடு பெருக்குவது, ஒன்பதாம் மாதம் வரை நடையை விடாதிருப்பது ஆகியவை நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஆயத்தங்கள். ஆனால் குழந்தை வெளியே வரும் வழியில் இருக்கிற தசைகளை எப்படி இறுக்குவது, அதைவிட முக்கியமாக எப்படித் தளர்த்துவது என்பதைப் பற்றி வளைகாப்புக்குக் கூடும் பெண்களில் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம் ஒரு காரணம். தானாக நடக்கிற காரியத்துக்குப் பயிற்சி எதற்கு என்ற எண்ணம் இன்னொரு காரணம். அந்த மௌனத்தின் விளைவைப் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் சுமக்கிறார்கள். இருமினால் சிறுநீர் கசிகிறது, அடி இறங்கிவிட்டது, தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறது என்று நாற்பது வயதுக்கு மேல் தயங்கித் தயங்கிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு, இவற்றில் ஒரு பகுதியையாவது முன்கூட்டியே தவிர்த்திருக்க முடியும் என்று யாரும் சொன்னதே இல்லை.

இடுப்புத் தளம் என்பது முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரையிலும், இரு பக்கமும் நாம் உட்காரும் எலும்புகள் வரையிலும் பரவிக் கிடக்கும் தசைத் தொகுதி. உத்தரத்தில் கட்டிய தூளி குழந்தையின் கனத்தைத் தாங்குவதைப் போல, இது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் அடியிலிருந்து தாங்குகிறது. சிறுநீர்த்துளை, பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகிய மூன்று வாயில்களும் இதன் ஊடாகவே வெளியே திறக்கின்றன. கர்ப்ப காலத்தில் ஒரு பக்கம் கருப்பையின் கனம் மாதந்தோறும் ஏறுகிறது. மறுபக்கம் ஹார்மோன்களின் விளைவால் இணைப்புத் திசுக்கள் நெகிழ்கின்றன. பிரசவத்தின்போது ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழந்தையின் தலை இதைக் கடந்து வர வேண்டியிருப்பதால், இத்தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீள்வதாகக் கணினி மாதிரிகளைக் கொண்டு செய்த கணக்கீடுகள் காட்டுகின்றன. இவ்வளவு நீட்சியைத் தாங்கும்படி கேட்கப்படும் தசை உடலில் அரிது. ஆகவே பிரசவத்துக்கான ஆயத்தம் என்பது வலுவூட்டல் மட்டுமன்று. ஒன்பது மாதம் தாங்கிய தசை, கேட்கும் நேரத்தில் வழி விடவும் பழகியிருக்க வேண்டும்.

வயல் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேட்டூர் அணை திறந்து, குறுவைக்கும் பிறகு சம்பாவுக்கும் நடவு தொடங்கினால், நாள் முழுவதும் சேற்றில் குனிந்து பின்னோக்கி நடந்து நாற்று நடும் பெண்ணின் முதுகும் தொடையும் உறுதியாவது உண்மையே. ஆனால் குனிந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்றுக் கட்டைத் தூக்குவதும், இடுப்பில் குடம் சுமப்பதும் இடுப்புத் தளத்தின் மேல் அழுத்தத்தைக் கூட்டுகின்றனவே தவிர, அதற்குப் பயிற்சி தருவதில்லை. வரப்போரத்தில் ஒதுங்க இடமில்லாததால் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் வேலை செய்வது இன்னும் மோசம். தசை எப்போதும் இறுக்கத்திலேயே இருந்து பழகிவிடுகிறது; சிறுநீர்த் தொற்றும் வருகிறது; கர்ப்பிணிக்கு அந்தத் தொற்று குறைப்பிரசவம் வரை கொண்டுபோகக்கூடியது. வீட்டிலோ கடையிலோ அலுவலகத்திலோ நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சிக்கல் வேறு மாதிரியானது. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இருவருக்கும் ஒன்றே.

முதற்படி: தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

இறுக்கும் பயிற்சியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் தொடங்கலாம். எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் பெறும்போதே, உங்களுக்கு எந்தப் பயிற்சியில் தடை இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மறைத்திருந்தாலும், கருப்பை வாயில் தையல் போட்டிருந்தாலும், இரத்தப்போக்கோ குறைப்பிரசவ அறிகுறியோ இருந்தாலும், பின்னால் சொல்லப்போகும் ஆழ்ந்த குத்துக்காலும் மசாஜும் உங்களுக்கு ஆகாது. இறுக்கும் பயிற்சியையும் அப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். உடலுறவில் தீராத வலி, சிறுநீர் கழிக்க உட்கார்ந்தும் உடனே வராமை, மலம் கழிக்கும்போது வழி அடைத்துக்கொண்டது போன்ற உணர்வு ஆகியவை உள்ளவர்களுக்குத் தசை பலவீனமாக இருப்பதைவிட அளவுக்கு மீறி இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் மேலும் மேலும் இறுக்கிப் பழகினால் துன்பமே கூடும். அவர்கள் மூன்றாம் படியை விட்டுவிட்டு நேராக ஐந்தாம் படிக்குப் போகலாம். இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது இன்னும் நல்லது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு அங்குள்ள இயன்முறை மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தசையைக் கண்டறிதல்

இந்தப் படியில்தான் மிகுதியாகத் தவறு நேர்கிறது. ஆகவே இதற்கு அவசரப்படாமல் ஒரு வாரம் கொடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் இருக்கும்போது காற்றுப் பிரியாமல் அடக்க வேண்டியிருந்தால் எதை இறுக்குவீர்களோ அதை மெல்ல இறுக்குங்கள். அதே இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீரை அடக்கும் இடம் வரை கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். பிறகு முழுவதுமாக விட்டுவிடுங்கள். உள்ளே ஏதோ ஒன்று மேலெழுந்து, பின் கீழிறங்கி அமர்வதை உணர வேண்டும்.

இதைச் செய்யும்போது புட்டம் இறுகக் கூடாது, தொடைகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால், வயிறு வெளியே தள்ளுகிறதா என்று தெரியும். தள்ளினால் நீங்கள் தூக்குவதற்குப் பதிலாக முக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வாயால் சொல்லக் கேட்டுச் செய்கிற பெண்களில் கணிசமானோர் அப்படித்தான் நேர்மாறாகச் செய்கிறார்கள், அதனால் பயன் இல்லாமல் போவதோடு கெடுதலும் நேரலாம். ஐயம் இருந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்நோக்கி மேலே போனால் சரி. வெளியே பிதுங்கினால் தவறு. தன் உடலைத் தானே பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரசவ மேசையில் ஐந்தாறு பேர் பார்க்கப்போகும் இடத்தை அதற்கு உரியவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பதே வருந்தத்தக்கது.

சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பார்க்கும் வழக்கம் ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் மீதம் தங்குவது தொற்றுக்கு வழிவகுக்கும்.

மூன்றாம் படி: இறுக்கும் பயிற்சி

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிரசவத்துக்குப் பின் இத்தசைகள் தளர்ந்துபோன பெண்களுக்காக இந்தப் பயிற்சியை 1948-இல் முறைப்படுத்தி வெளியிட்டார். அதனால்தான் மருத்துவமனைகளில் இதைக் கெகல் பயிற்சி என்கிறார்கள். யோகம் பழகியவர்களுக்கு மூலபந்தம், அசுவினி முத்திரை ஆகியவை இதற்கு நெருங்கியவை என்பது செய்து பார்த்தவுடன் விளங்கும்.

மூச்சை வெளியே விட்டபடி தசையை மேலே தூக்கி மூன்று எண்ணும் வரை வைத்திருங்கள்; பின் ஆறு எண்ணும் வரை முழுவதுமாகத் தளர்த்துங்கள். இப்படி எட்டு முறை செய்தால் ஒரு சுற்று. நாளொன்றுக்கு மூன்று சுற்று. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் எட்டு முறையை நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யும்படிதான் சொல்கிறது. பிடித்து வைக்கும் நேரத்தை வாரந்தோறும் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டி எட்டு முதல் பத்து வரை கொண்டுபோகலாம். தசை நடுங்கி நழுவினால் அதற்கு மேல் கூட்ட வேண்டாம், அந்த அளவிலேயே சில நாள் நில்லுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பத்து முறை சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுங்கள். தும்மலையும் இருமலையும் தாங்குவதற்கு இந்த விரைவு வேண்டும்.

முதலில் ஒருக்களித்துப் படுத்தும், பழகிய பின் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்ய வேண்டாம். கருப்பையின் கனம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். மூன்று வேளையை மறக்காமலிருக்க, காலை அடுப்பில் பால் வைக்கும் நேரம், மதியம் சாப்பிட்டு ஓய்ந்த நேரம், இரவு படுக்கப் போகும் நேரம் என்று அன்றாடத்தோடு சேர்த்துவிடுவது போதும்.

இப்படி இறுக்கிப் பழகினால் பிரசவம் கடினமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பயிற்சி செய்த பெண்களுக்குப் பிரசவம் நீளுவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. முதலில் கசிவு இல்லாதிருந்து, கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே பயிற்சி செய்த பெண்களுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீர் கசியும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. மாத்திரையும் செலவும் இல்லாத ஒரு காரியத்துக்கு இது பெரிய பயன்.

நான்காம் படி: அன்றாட வேலையில் பொருத்துதல்

இருமும் முன், தும்மும் முன், கனத்தைத் தூக்கும் முன் ஒரு கணம் தசையை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். குடத்தையோ மூட்டையையோ எடுக்க வேண்டியிருந்தால், முழங்காலை மடக்கி உடலோடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது அழுத்தம் முழுவதும் அடியில் இறங்குகிறது. முடிந்தவரை அந்தக் கனத்தை வேறொருவர் தூக்கட்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள். நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் ஒதுங்கி வர வேண்டும். கூட வேலை செய்யும் பெண்கள் ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்தால் முடிந்துபோகிற காரியம் இது. கர்ப்பிணிக்காக இதைக் கேட்டு வாங்கித் தர வேண்டிய பொறுப்பு வேலை வைக்கிறவருக்கும் உண்டு.

ஐந்தாம் படி: தளர்த்தப் பழகுதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பிரசவ வலியில் உடல் முழுவதும் இறுகுவது இயல்பு. பல்லைக் கடித்து, கையை முறுக்கி, தொடையை நெருக்கும்போது அடித் தசையும் கூடவே இறுகிவிடுகிறது. கருப்பை கீழே தள்ளுகிறது, தசை மேலே இழுக்கிறது. வலியின் நடுவிலும் அந்த இடத்தை மட்டும் தளர விடும் பழக்கம் அன்றைக்குப் புதிதாக வராது. ஏழாம் மாதம் முதலே தினமும் பழகினால்தான் அன்று நினைவுக்கு வரும்.

சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்காருங்கள். ஒரு கையை விலா எலும்புகளின் பக்கவாட்டிலும் மறு கையை அடிவயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக மெல்ல மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிவதையும் வயிறு முன்னால் வருவதையும் கவனியுங்கள். அதே நேரத்தில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்குவதால் இடுப்புத் தளமும் சற்றுக் கீழே இறங்கி விரிகிறது. மூச்சை விடும்போது அது தானாக மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் எதுவும் செய்யாமல் வெறுமனே கவனித்தபடி ஐந்து நிமிடம் இருங்கள். சில நாட்களில், மூச்சை இழுக்கும்போது ஆசனவாயும் பிறப்புறுப்பும் மென்மையாகத் திறந்து கொடுப்பது தெளிவாகத் தெரியவரும். பிரசவ அறையில் உங்களுக்கு வேண்டிய உணர்வு அதுதான்.

அடுத்து தாடை. தாடை இறுகியிருக்கும்போது அடித்தளத்தைத் தளர்த்த முயன்று பாருங்கள், பிறகு வாயைச் சற்றுத் திறந்து தாடையைத் தொங்கவிட்டு முயன்று பாருங்கள். இரண்டாவது பெரும்பாலோருக்கு எளிதாக இருக்கும். வலி வரும்போது கீழ்க்குரலில் நீளமாக ‘ஆ’ என்று குரல் விடுவது இதனால்தான் உதவுகிறது. கத்தாதே என்று அதட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குத் துணையாகச் சில இருக்கைகள் உண்டு. முழங்கால்களை அகல வைத்து மண்டியிட்டு, தலையணைக் குவியலின் மேல் முன்னால் சாய்ந்து படுப்பது ஒன்று. பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை இரு பக்கமும் விரித்து உட்காரும் பத்த கோணாசனம் மற்றொன்று. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது முதுகுவலிக்கும் நல்லது. குத்துக்காலிட்டு உட்காருவது டெல்டாக் கிராமத்துப் பெண்களுக்குப் புதிதன்று. ஆனால் வெறுமனே உட்காருவதைவிட, ஜன்னல் கம்பியையோ கட்டில் காலையோ பிடித்துக்கொண்டு, குதிகால்கள் தரையில் படிய, மூச்சை அடிவரை இறக்கியபடி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இருப்பதே பயன் தரும். குழந்தை புரளாமல் கால் கீழாகவோ குறுக்காகவோ இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும், பூப்பெலும்புப் பகுதியில் குத்தும் வலி உள்ளவர்களும் ஆழ்ந்த குத்துக்காலைத் தவிர்க்க வேண்டும்.

முப்பத்தைந்தாம் வாரத்துக்குப் பிறகு இறுக்கும் சுற்றுகளை ஒன்றோ இரண்டோ ஆகக் குறைத்து, மிச்ச நேரத்தைத் தளர்த்துவதற்கே கொடுங்கள்.

ஆறாம் படி: மலச்சிக்கலைத் தடுத்தல்

நாள்தோறும் முக்குவது அடித்தளத்தைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கும். கர்ப்ப காலத்தில் 180 நாட்கள் சாப்பிடச் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம், செவிலியரிடம் சொல்லி வேளையை மாற்றிக் கேளுங்கள். வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, அவரை, பச்சைப்பயறு, பூவன்பழம் எல்லாம் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பவை. தண்ணீர் மட்டும் குறையவே கூடாது. இந்திய முறைக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காருவது நல்லது. மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் பாதங்களின் கீழ் ஒரு மனைப்பலகையை வைத்து முழங்கால்களை உயர்த்துங்கள். மூச்சைப் பிடித்து முக்காமல், வாய் வழியாக மெல்ல ஊதியபடி வயிற்றை விரியவிட்டுக் காத்திருங்கள். இதுவே பிரசவத்துக்கும் ஒரு நல்ல ஒத்திகை.

ஏழாம் படி: முப்பத்து நான்காம் வாரத்திலிருந்து மசாஜ்

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை விரலால் நீட்டிப் பழக்குவது இது. முதல் முறை சுகப்பிரசவத்துக்குப் போகும் பெண்களில் இது தையல் தேவைப்படும் கிழிசலையும், கத்தரியால் வெட்டிப் பெரிதாக்குவதையும் ஓரளவு குறைக்கிறது. 2013-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி சுமார் 15 பெண்கள் செய்தால் ஒருவர் தையலிலிருந்து தப்புகிறார். முன்பே சுகப்பிரசவம் ஆனவர்களுக்குக் கிழிசல் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்தும் நீடிக்கும் வலி குறைந்தது. வாரம் ஒன்றிரண்டு முறை செய்தாலே போதும். தினமும் செய்வதால் கூடுதல் பயன் வருவதில்லை.

வெந்நீரில் குளித்த பின் செய்வது எளிது. நகங்களை ஒட்ட வெட்டி, கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி விரித்து உட்காருங்கள். வயிறு மறைத்தால் நின்றபடி ஒரு காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மணம் சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெயைக் கட்டைவிரல்களில் தடவி, பிறப்புறுப்புக்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை நுழையுங்கள். ஆசனவாயின் பக்கமாகக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தி, இலேசான எரிச்சலோ இழுப்போ தெரியும் இடத்தில் நிறுத்தி, ஒரு நிமிடம் போல அப்படியே பிடித்திருங்கள். அந்த ஒரு நிமிடமும் ஐந்தாம் படியில் பழகிய மூச்சைச் செய்து, எரிச்சலுக்கு எதிராக இறுகாமல் தளர்ந்து கொடுங்கள்; மசாஜின் உண்மையான பாடம் அதுதான். பிறகு கீழ்ப்பாதியில் இடமும் வலமுமாக வளைவாகத் தடவி நீட்டுங்கள். மேற்பக்கம் சிறுநீர்த்துளை இருப்பதால் அங்கே அழுத்தக் கூடாது. மொத்தம் ஐந்து நிமிடம் போதும். கை எட்டாவிட்டால் கணவர் சுட்டுவிரல்களால் செய்யலாம், அதில் உங்களுக்கு மனமிருந்தால் மட்டும்.

பனிக்குடம் உடைந்திருந்தாலும், இரத்தப்போக்கு இருந்தாலும், அரிப்போ வெள்ளைப்படுதலோ கொப்புளமோ உள்ள தொற்று இருந்தாலும், அந்த இடத்தில் நரம்பு புடைத்து வீங்கியிருந்தாலும் மசாஜ் கூடாது. முப்பத்து நான்கு வாரத்துக்கு முன்னால் தொடங்கவும் வேண்டாம்.

பாபநாசத்துக்கு அருகில் உள்ள திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில், சுகப்பிரசவத்துக்காக மந்திரித்துத் தரும் விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்ளும் வழக்கம் டெல்டா முழுவதும் உண்டு. நம்பிக்கையோடு வயிற்றின் மேல் தடவுவதில் தவறில்லை. ஆனால் வலி வருவதற்காக விளக்கெண்ணெயைக் குடிப்பது வேறு; மருத்துவர் சொல்லாமல் குடித்தால் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் வந்து, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும்.

எட்டாம் படி: பிரசவ அறையில்

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளைத் தெரிந்து வைத்திருப்பது உங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருப்பதாகும். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடுவதை அது பரிந்துரைக்கவில்லை. வயிற்றின் மேலிருந்து கையால் அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதையும் பரிந்துரைக்கவில்லை. பெண் தனக்கு வசதியான நிலையில் இருந்து, தனக்கு முக்கத் தோன்றும்போது முக்கலாம் என்கிறது. தலை வெளிவரும் நேரத்தில் அடிப்பகுதியில் வெதுவெதுப்பான துணி ஒற்றுவதைப் பரிந்துரைக்கிறது. அந்த ஒற்றடம் ஆசனவாய்த் தசை வரை போகும் கடுமையான கிழிசலைக் குறைக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு குறையும்போதும், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நிலையிலும் வெட்டு தேவைப்படலாம். அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வேண்டாத வெட்டைப் பற்றிக் கேட்பதும் வேண்டிய வெட்டை ஏற்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

இவற்றையெல்லாம் வலி வந்த பிறகு கேட்க முடியாது. எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனையானாலும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமானாலும், தனியார் மருத்துவமனையானாலும், ‘தலை வரும்போது ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள முடியுமா, டாக்டர்? வெந்நீர்த் துணி வைப்பீர்களா?’ என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

துணைக்கு ஆள் இருப்பதும் தசைக்கு உதவுகிறது. அஞ்சுகிற உடல் இறுகும். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் தலவரலாற்றில், காவிரியில் வெள்ளம் வந்து தாய் கரை கடக்க முடியாமல் போகவே, இறைவன் தாயாக வந்து மகளுக்குப் பிரசவம் பார்த்தார். தாயில்லாமல் பிரசவமா என்று இந்த மண் எவ்வளவு காலமாகக் கலங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் கதையே சான்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணையாக ஒரு பெண் இருக்க இன்று வழியுண்டு. வருகிறவர் அம்மாவோ மாமியாரோ அக்காவோ, அவரிடம் முன்பே மூன்று காரியங்களைச் சொல்லி வையுங்கள்: தாடையும் தோளும் இறுகினால் தொட்டு நினைவூட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்வது, ‘முக்கு, முக்கு’ என்று தொடர்ந்து விரட்டாமல் இருப்பது. முதல் பிரசவத்தில் கருப்பை வாய் முழுவதும் திறந்த பின்னும் குழந்தை பிறக்க மூன்று மணி நேரம் வரை ஆகலாம். குழந்தையும் தாயும் நலமாக இருக்கும் வரை அது தாமதமன்று.

தலை வாயிலில் தெரியும்போது எரிச்சல் உச்சத்தில் இருக்கும். மசாஜில் பழகிய அதே எரிச்சல் அது, இன்னும் வலுவாக. அப்போது முழு விசையுடன் முக்காமல், வாயைத் திறந்து சிறு சிறு மூச்சாக ஊதி, செவிலியர் சொல்லும் வேகத்தில் தலையை மெல்ல வரவிடுங்கள். கிழிசல் பெரும்பாலும் அந்தச் சில நிமிட அவசரத்தில்தான் நேர்கிறது.

ஒன்பதாம் படி: பிரசவத்துக்குப் பின்

அறுவை சிகிச்சையில் பிரசவம் ஆனவர்களும் இந்தப் படியை விடக் கூடாது. ஒன்பது மாதக் கனத்தை அவர்களுடைய அடித்தளமும் சுமந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய் எடுத்து, சிறுநீர் இயல்பாகப் போன பிறகு, வலி கூடாத அளவுக்கு மெல்ல இறுக்கித் தளர்த்தத் தொடங்கலாம். தையல் உள்ளவர்களுக்கு இது இரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தைக் குறைக்கும். முதலில் இரண்டு மூன்று எண்ணும் நேரம் போதும். பிறகு மூன்றாம் படியின் வரிசையில் கூட்டிக்கொண்டு மூன்று மாதமாவது தொடருங்கள்.

தாய்வீட்டு வழக்கங்களில் மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிறு உள்ளே போக வேண்டும் என்று பழைய நூல் சேலையால் இறுக்கிக் கட்டுவது, அழுத்தத்தை ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடித்தளத்தின் மேல் இறக்குகிறது. கட்ட வேண்டுமென்றால், விரல்கள் எளிதாக நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கொதிக்கும் வெந்நீரைத் தையலின் மேல் ஊற்றுவது புண்ணைப் பிரிக்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி ஒற்றி உலர்த்துவது போதும். மூன்றாவதுதான் மிகவும் கெடுதலானது: பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், தையல் வலிக்கும், பாலும் சுரக்கத் திணறும். பூண்டுக் குழம்பையும் பிரசவ லேகியத்தையும் கொடுங்கள், அவற்றோடு தாகம் தீரத் தண்ணீரும் கொடுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரசவமாகி ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டாலோ, துணிகள் விரைவில் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ இருந்தாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். மலமோ காற்றோ அடக்க முடியாமல் போவதும், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி உருண்டையாகத் தட்டுப்படுவதும், ஆறு வாரத்துக்குப் பின்னும் நிற்காத சிறுநீர்க் கசிவும் ‘பிள்ளை பெற்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிட வேண்டியவை அல்ல. இவற்றுக்கு மருத்துவம் உண்டு, பெரும்பாலோருக்கு முதல் மருத்துவம் முறையாகக் கற்றுத்தரும் இதே பயிற்சிதான். தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆறாவது வாரம் சுகாதார நிலையத்துக்குப் போகும் அன்றே, குழந்தையின் எடையைக் கேட்டு முடித்த கையோடு, உங்களையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். நடவுக்கும் களைக்கும் திரும்புவதை இயன்றவரை மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அரை நாள் வேலையில் தொடங்கி, நாற்றுக் கட்டுச் சுமப்பதை மட்டுமாவது மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.